குன்னூரில் நம் சோற்றுக்கு நடந்த பரீட்சை

குன்னூர் என்றதும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு சிம்ஸ் பூங்காவும், தேயிலைச் செடிக்கு நடுவில் நின்று எடுத்துக்கொண்ட போட்டோவும்தான் ஞாபகத்துக்கு வரும். நம் வீட்டு அரிசிப் பானைக்கும் அந்த மலை ஊருக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நான் இந்தத் தடவை போனது அதைப் பார்க்கத்தான் என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார். என் அக்கா மகள் அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் போன இடத்தில் இரண்டும் ஒன்றாகிப் போயின.

மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்புகிற மலை ரயிலில் இடம் கிடைத்தது. 1899-இல் குன்னூர் வரைக்கும் ஓட ஆரம்பித்த ரயில் இது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்துக்கொண்டது. கல்லாறு தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல்சக்கரம் பிடித்து ஏற ஆரம்பிக்கும். நீராவி எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். புதிதாய்க் கல்யாணமான பெண்ணுக்குப் பின்னால் மாமியார் நிற்கிற மாதிரி என்று பக்கத்து ஸீட்டு அம்மாள் சொன்னதும் பெட்டியே சிரித்தது. ஹில்குரோவில் வண்டி தண்ணீர் குடிக்க நின்றபோது இறங்கிக் காலை நீட்டிக்கொண்டோம். மற்றபடி வழியெல்லாம் குகையும் பாலமும் அருவியும். அதையெல்லாம் எழுதினவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் ஊருக்குள் போய்விடுகிறேன்.

அக்கா மகளின் வீடு மேல் குன்னூரில். அவளுக்கு இருபத்தாறு வயது. முதல் குழந்தை போன வருஷம் பிறந்து இரண்டே நாளில் போய்விட்டது. முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த குழந்தை. இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க சித்தி, பேர் மட்டும் வேண்டாம்" என்றாள்.

வீட்டில் எல்லோரும் கிரகணத்தைச் சொல்கிறார்கள். அஞ்சாம் மாசத்தில் கிரகணத்தன்று இவள் கொடியில் காய்ந்த துணியை எடுக்க வெளியே போனாளாம். டாக்டரம்மாவோ, அடுத்த குழந்தைக்கு ஆசைப்படுகிறபோதே, அதாவது உண்டாவதற்கு முன்னாலேயே, ஃபோலிக் ஆஸிட் மாத்திரை சாப்பிட ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரைச் சீட்டு பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. "உண்டாகறதுக்கு முன்னாடியே எதுக்கு மாத்திரை? உடம்பு சூடாகி உண்டாகறதே தள்ளிப்போயிடும்" என்று சம்பந்தியம்மா சொல்லியிருக்கிறார். அவர் கெட்ட மனுஷி இல்லை. எனக்குப் போர்த்திக்கொள்ளத் தம் சொந்தக் கம்பளியை எடுத்துக் கொடுத்தவர். பேரப் பிள்ளைக்காக ஏங்குகிறவர்.

மறுநாள் காலையில் நானும் பெண்ணும் சிம்ஸ் பூங்காவுக்கு நடந்தோம். 1874-இல் உண்டாக்கின பூங்கா. மே மாதம் பழக் கண்காட்சி நடப்பது இங்கேதான். பூங்காவுக்கு எதிரிலேயே பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "நாய்க்கடி மருந்து ஆஸ்பத்திரிங்களா? அதோ" என்று கையைக் காட்டினார். வாஸ்தவம்தான். 1902-இல் ஓர் ஆங்கிலப் பெண் வெறிநாய் கடித்து இறந்துபோனாள். அப்போது ஊசி போட வேண்டுமென்றால் வடக்கே கசௌலிக்குத்தான் போக வேண்டும். அந்தச் சாவுக்குப் பிறகு முயற்சி எடுத்து, 1907-இல் தென்னிந்தியாவுக்கென்று குன்னூரில் ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் தடுப்பூசி வேலை நடக்கிற இடம். கண்டவர்களும் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கிற இடம் இல்லை. நாங்கள் வெளியே நின்றுதான் பார்த்தோம்.

டீக்கடைக்காரருக்குத் தெரியாத கதை ஒன்று உண்டு. இந்த இன்ஸ்டிடியூட்டில் 1918-இல் ஒரே ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள், ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டருக்கு. பெரிபெரி என்ற வியாதியை ஆராயத்தான். கை கால் மரத்துப் போகும், வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். அரிசி தின்கிற தேசங்களில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் இதில் செத்தார்கள். அந்த ஓர் அறைதான் வளர்ந்து உணவு ஆராய்ச்சிக் கூடம் ஆயிற்று. நடுவில் செலவைக் குறைக்கிறோம் என்று 1923-இல் மூடிவிட்டு 1925-இல் மறுபடியும் ஆரம்பித்தார்கள். வீட்டில் சிக்கனம் என்றால் முதலில் பாலைக் குறைக்கிறோமே, அதே புத்திதான்! 1958-இல் இந்த ஆராய்ச்சிக் கூடம் ஹைதராபாத்துக்குப் போனது. 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறிற்று.

மெக்காரிசன் செய்த ஒரு பரீட்சையைச் சொல்ல வேண்டும். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி ஜனங்களும் சாப்பிடுகிற சாப்பாட்டை ஒவ்வொரு கூட்டத்துக்கும் போட்டு வளர்த்தார். சீக்கியர் சாப்பாடு என்றால் முழுக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது மாமிசம். அதைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அடுத்து பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி என்று ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசி இடம் யாருக்கு என்கிறீர்கள்? மதராஸிக்கு! நம் சாப்பாட்டைத் தின்ற எலிதான் எல்லாவற்றிலும் நோஞ்சான்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குக் கோபமே வந்தது. நம் சாம்பாருக்கும் கூட்டுக்கும் மோருக்கும் என்ன குறைச்சல்? ஆனால் அவர் போட்டது தீட்டித் தீட்டி வெளுத்து, நன்றாகக் கழுவின அரிசி. பாலும் நெய்யும் மோரும் பேருக்கு. பெரும்பாலான ஏழை வீடுகளில் அப்போது அதுதானே சாப்பாடு? இன்றைக்கும் எத்தனை வீட்டில், ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்த பிறகு, வீட்டுப் பெண்ணின் தட்டில் விழுவது ஒரு குன்று சோறும் அடிமண்டி ரசமும்தானே? எலிக்குப் போட்டது அந்தத் தட்டு. மதராஸி சாப்பாடு தோற்றது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெறும் சோறு தோற்றது, அவ்வளவுதான். வெள்ளைக்காரர்களுக்கும் அவர் சளைக்கவில்லை. இங்கிலாந்து ஏழைகள் சாப்பிடுகிற வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், சர்க்கரை போட்ட டீ இவற்றைக் கொடுத்த எலிகள் எரிச்சல் பிடித்து, ஆளைக் கடித்து, கடைசியில் தம்மில் இளைத்ததையே கொன்று தின்றனவாம். 1936-இல் லண்டனில் நிகழ்த்திய பிரசங்கத்தில் அவரே இதைச் சொன்னார்.

அவருக்குப் பின் 1935-இல் பொறுப்புக்கு வந்தவர் அய்க்ராய்ட். நம் அடுக்களைக்கு அதிகம் உபகாரம் செய்தவர் இவர்தான் என்பது என் அபிப்பிராயம். எந்த உணவில் எவ்வளவு சத்து என்று பார்த்து அட்டவணை போட்டு 1937-இல் வெளியிட்டார். டாக்டர்களும் ஆஸ்பத்திரிகளும் வைத்துக்கொள்கிற சத்துப் பட்டியலுக்கு அதுதான் பாட்டி. அரிசியையும் அவருடைய கூட்டத்தார் விடாமல் ஆராய்ந்தார்கள். சென்னை மாகாணத்தின் வடகோடியில், கோதாவரி, விசாகப்பட்டினம் பக்கம், பெரிபெரி அதிகம். தமிழ் ஜில்லாக்களிலோ அவ்வளவாக இல்லை. இரண்டு இடத்திலும் அரிசிதான், இரண்டு இடத்திலும் மில்தான். வித்தியாசம் எங்கே? அங்கே பச்சரிசி, இங்கே புழுங்கலரிசி!

நெல்லை ஊறவைத்து அவிக்கிறபோது உமிக்கு அடியில் தவிட்டில் இருக்கிற பி1 வைட்டமின் அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் மில்லில் தீட்டினாலும், நாம் நாலு தண்ணீர் விட்டுக் கழுவினாலும், ஓரளவு தங்கி நிற்கிறது. பச்சரிசியில் அது தவிட்டோடு மாட்டுக்குப் போய்விடும். மிச்சம் கழுநீரில் போய்விடும். தாய் பி1 இல்லாத சோற்றையே தின்றால் தாய்ப்பாலிலும் அது இருக்காது. நன்றாய்க் கொழுகொழுவென்று இருந்த இரண்டு மூன்று மாதக் குழந்தை திடீரென்று குரல் அடைத்து, மூச்சுத் திணறி, சில மணி நேரத்தில் போய்விடும். அந்த ஜில்லாக்களில் குழந்தைச் சாவு ஏன் அதிகம் என்று 1941-இல் இவர்கள் எழுதினதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்ப் பத்தியம்தான் ஞாபகம் வந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பருப்பு வாயு, கீரை குளிர்ச்சி, பழம் சளி என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, சோறும் பூண்டு ரசமும் மட்டும் போடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. பூண்டு போடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. பருப்பையும் கீரையையும் ஏன் பறிக்க வேண்டும்?

சம்பந்தியம்மாவிடம் புழுங்கலரிசிக் கதையைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "அதைத்தானே நானும் சொல்றேன்! இந்தக் காலத்துப் புள்ளைங்க வெள்ளை வெளேர்னு அரிசி வேணும்ங்கறாங்க" என்றார். அவர் வடித்த கஞ்சியைக் கொட்டுகிறவர் இல்லை. உப்புப் போட்டுக் குடிக்கிறவர். அதில் அவர் கட்சிதான் நான். வடித்தால் கஞ்சியைக் கீழே விடாதீர்கள், முடிந்தால் அளவுத் தண்ணீர் வைத்துப் பொங்குங்கள். இப்படி அவர் மனசு கொஞ்சம் இளகினது பின்னால் உதவியாய் இருந்தது.

இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 1929-இல் சில மாதங்கள் இதே குன்னூருக்கு வந்து வேலை செய்தார் லூஸி வில்ஸ் என்ற ஆங்கில டாக்டரம்மா. பம்பாயில் பஞ்சாலையில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் ரத்தம் செத்து, வெளுத்து, பிரசவத்துக்கு முன்போ பின்போ இறந்துகொண்டிருந்தார்கள். அதற்குக் காரணம் தேடி வந்தவர் அவர். ஏதோ கிருமி என்றுதான் பலரும் நினைத்தார்கள். இவரோ அவர்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்தார். காயும் பழமும் பாலும் எட்டிப் பார்க்காத வீட்டுப் பெண்களுக்குத்தான் இந்த வியாதி அதிகம் வந்தது. எலிக்கும் குரங்குக்கும் அந்தச் சாப்பாட்டையே கொடுத்துப் பார்த்தார். வெளுத்துப் போன குரங்குக்கு மார்மைட் என்ற ஈஸ்ட் பசையைக் கொடுத்ததும் தேறிவிட்டது. பெண்களுக்கும் கொடுத்தார், அவர்களும் எழுந்து உட்கார்ந்தார்கள். 1931-இல் இதை எழுதி வெளியிட்டார்.

அந்த வருஷ ஆரம்பத்தில் அவர் எங்கே வேலை செய்தார் தெரியுமா? நம் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில்! இன்றைக்குக் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று பெயர். சென்னையில் நம்மில் எத்தனை பேர் அங்கே பிறந்தவர்கள், பெற்றவர்கள்!

அந்த ஈஸ்ட் பசைக்குள் இருந்த பொருள் என்ன என்று அவருக்கு அப்போது தெரியாது. 1941-இல் அமெரிக்காவில் நாலு டன் பசலைக்கீரையை அரைத்து அதிலிருந்து துளியூண்டு பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீன் பாஷையில் ஃபோலியம் என்று பேர். அதனால் ஃபோலிக் ஆஸிட். எங்கள் வீட்டுப் பெண்ணின் அலமாரியில் பிரிக்காமல் கிடந்த மாத்திரை அதுதான்.

இதைப் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் வாசலுக்கு எதிரில் டீயை வைத்துக்கொண்டே அவளுக்குச் சொன்னேன். "ரத்தத்துக்குத்தானே சித்தி? எனக்கு ரத்தம் பரவாயில்லைன்னு சொல்லிட்டாங்களே" என்றாள். கேள்வி நியாயமானது. 1991-இல் பல தேசத்து டாக்டர்கள் சேர்ந்து நடத்தின ஆராய்ச்சி முடிவு வெளியாயிற்று. இவளைப் போலவே ஒரு தடவை முதுகுத்தண்டோ மண்டையோ மூடாத குழந்தையைப் பெற்ற பெண்களுக்கு, அடுத்தது உண்டாவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆஸிட் கொடுத்துப் பார்த்தார்கள். மறுபடியும் அப்படி நேருவது நூற்றுக்கு எழுபதுக்கு மேல் குறைந்துவிட்டது. நூற்றுக்கு நூறு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இவளைப் போன்றவர்களுக்கு மற்றவர்களைவிட அதிக அளவு மாத்திரை தேவை. அதை டாக்டர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். கடையில் நாமே வாங்கி விழுங்குகிற சமாசாரம் இல்லை. கீரை மட்டும் தின்று அந்த அளவை எட்டவும் முடியாது.

அன்று ராத்திரி சம்பந்தியம்மாவிடம் கிரகணத்தைப் பற்றி நான் வாதாடவில்லை. மாசக் கணக்கை மட்டும் சொன்னேன். கருவில் முதுகுத்தண்டு மூடுவது முதல் இருபத்தெட்டு நாளைக்குள். குளி தள்ளிப் போயிருக்கிறது என்று பெண் சந்தேகப்படுகிறதற்குள்ளேயே அந்த வேலை முடிந்துவிடும். கிரகணம் வந்தது அஞ்சாம் மாசம். "அப்ப துணி எடுக்கப் போனதுக்கு முன்னாடியே..." என்று அவர் பாதியில் நிறுத்திவிட்டார். பெண் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஒரு வருஷமாக அந்தப் பெண் தன் தலையில் சுமந்துகொண்டிருந்த பழி அது.

கொஞ்ச நேரம் கழித்து, "உண்டானது தெரிஞ்சப்புறம் மாத்திரை சாப்பிட்டா வேலைக்கு ஆகாதா?" என்று சம்பந்தியம்மாவே கேட்டார். தண்டுக்கு அது நேரம் கடந்தது, ரத்தத்துக்குக் கட்டாயம் வேண்டும் என்றேன். நாலாம் மாசத்திலிருந்து இரும்பும் ஃபோலிக் ஆஸிடும் சேர்ந்த மாத்திரையைத் தினம் ஒன்றாக 180 நாள் சாப்பிடச் சொல்லி அரசாங்கமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிறது. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாய்ப் பிறக்கும் என்று தூக்கிப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். குழந்தையின் நிறம் அப்பா அம்மா வழியில் வருவது. மாத்திரையால் மலம்தான் கறுப்பாகப் போகும். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகைக்காரர்கள். கறுப்புக்குப் பயப்படுகிறோம், வெளுப்புக்குப் பயப்படுவதில்லை.

தேயிலை ஊரில் போய் டீயைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பாட்டோடு டீ குடித்தால் அதில் இருக்கிற துவர்ப்பு, சாப்பாட்டின் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. 1975-இல் தென்னாப்பிரிக்காவில் செய்த ஆராய்ச்சியில் இது தெளிவாயிற்று. காப்பியும் சளைத்ததில்லை. குன்னூரிலிருந்து போன அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு யோசனைகளில், சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னும் ஒரு மணி பின்னும் டீ, காப்பி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. நாள் முழுக்க நமக்குக் கிடைக்கிற சக்தியில் 45 சதவீதத்துக்கு மேல் அரிசி, கோதுமை முதலிய தானியத்திலிருந்து வர வேண்டாம் என்றும் இருக்கிறது. எலிக்குத் தெரிந்தது இத்தனை வருஷம் கழித்தும் நம் தட்டுக்கு வந்து சேரவில்லை. இலையில் சோற்றைக் கொஞ்சம் சுருக்கிக் காய், பருப்பு, பயறுக்கு இடம் விட வேண்டியதுதான். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா எதையாவது சாப்பாட்டோடு சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாய் ஒட்டும்.

கிளம்புகிற அன்று மார்க்கெட்டுக்கு மூன்று பேருமாகப் போனோம். இலையோடு கட்டின காரட்டும், நூல்கோலும், பீட்ரூட்டும், மேரக்காயும் குவிந்து கிடந்தன. இந்த மலையில் முன்பெல்லாம் கேழ்வரகும் சாமையும்தான் விளைந்ததாம். படகர் வீடுகளில் இன்னும் கேழ்வரகுக் களியும் அவரைக் குழம்பும் செய்கிறார்கள். காய்க்காரம்மா நூல்கோலின் இலையை ஒடித்துப் போடப் பார்த்தார். "அதை ஏனுங்க ஒடிக்கறீங்க, அப்படியே குடுங்க. கீரையாட்டம் பொரியல் பண்ணலாம்" என்று சம்பந்தியம்மா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கீரையை வேகவைத்துத் தண்ணீரை இறுத்துக் கொட்டினால் ஃபோலிக் ஆஸிடும் அதோடு போய்விடும் என்றேன். "நான் எங்க கொட்டினேன்?" என்று என்னைப் பார்த்தார். வாஸ்தவம், அவர் எதையும் கொட்டுகிறவர் இல்லை.

வர்க்கி இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மைதாவும் கொழுப்பும்தான், தெரிந்தேதான் வாங்கினேன். ஜன்னல் ஓரம் நின்ற சம்பந்தியம்மா திடீரென்று, "அந்த வெள்ளைக்கார டாக்டரம்மாவுக்குக் குழந்தைங்க எத்தனை?" என்றார். கல்யாணமே செய்துகொள்ளவில்லை, 1964-இல் காலமாகிவிட்டார் என்றேன். "அடப் பாவமே" என்றார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "ராத்திரி சாப்பிட்டதும் ஞாபகப்படுத்து, நானே எடுத்துத் தர்றேன்" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.